பானெட்டுக்குள் ஒரு மாமனார்

வாங்கி வந்த வாரத்திலேயே அந்த வண்டியை நான் செங்கல்லால் அடித்தேன். நகரி ரயில்வே கேட் திறந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆட்டோக்காரன் ஒருவன் என் பிறப்பையே விசாரித்தான். என் வீட்டுக்காரரோ ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப்போய், தண்டவாளத்தின் ஓரம் கிடந்த செங்கல்லை எடுத்து, பானெட்டின் மேல் ஒரு போடு போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் குழி இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வண்டிக்கு வேறு பாஷை தெரியாது.

நாங்கள் இரண்டு பேருமே நிலமில்லாத வீட்டில் பிறந்தவர்கள். கூலிக்குப் போய், கரும்பு வெட்டி, பிறகு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் அளவுக்கு வந்தோம். காயை அறுத்து சித்தூர் பக்கம் இருக்கிற மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். சீசனில் வாடகை வண்டிக்காரர்கள் ராஜா மாதிரி நடந்துகொள்வார்கள். காய் வெயிலில் வதங்கினாலும் அவர்கள் பிரியாணி தின்றுவிட்டுத்தான் வருவார்கள். ஒருமுறை ஒரு டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதன் பிறகு எங்களுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. அதனால்தான் சொந்தமாக ஒன்று வாங்கினோம். திருப்பதியில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் புரோக்கரிடம் பார்த்த டீசல் பிக்கப். பல கை மாறியது. வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொன்னது.

என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியும்; ரிப்பேர் தெரியாது. மெக்கானிக்கிடம் போய்ப் போய் அலுத்து, ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். போனில் தெலுங்கு வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் ஒவ்வொரு சாமானாகக் காட்டுவார். நாங்கள் அது எங்கள் வண்டியில் எங்கே என்று தேடுவோம். வீடியோவில் இருந்த வண்டி புதுசு. எங்களுடையதில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துணி போட்டுத் துடைத்தால்தான் முகம் தெரியும்.

பெயர் மறந்துபோகக் கூடாது என்று உறவுக்காரர்கள் பெயரை வைத்தோம். கிளப்பும்போது கீச்சென்று கத்தும் ஃபேன் பெல்ட்டுக்கு என் நாத்தனார். வயிறு உப்பி உட்கார்ந்திருக்கும் பிரேக் பூஸ்டருக்கு என் பெரியண்ணன். எப்போதும் தாகம் தாகம் என்று தண்ணீர் கேட்கும் ரேடியேட்டருக்கு இவருடைய சித்தப்பா. அவர் கேட்பது தண்ணீர் இல்லை என்றாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது அந்தச் சாயங்காலம்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பேட்டரிக்குப் பின்னால், உள்ளே தள்ளி, கறுப்பு டேப் சுற்றிய சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் வண்டிக்கு அடியில் பின்பக்கமாகப் போனது. இன்னொன்று உள்ளே நுழைந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே, கையை வளைத்து விட்டால்தான் எட்டும் இடத்தில், ஒரு பித்தானில் முடிந்தது. அழுத்தினோம். மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை, என்ஜின் சத்தம்கூட மாறவில்லை. மறுபடி அழுத்தினோம். ஒன்றுமே இல்லை. வீடியோவிலும் அப்படி ஒரு சாமான் கிடையாது.

"இது ஒங்க நைனா" என்றேன். "இன்னா வேல செய்யுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா நகத்திட்டா வீடே நின்னுபூடும்."

என் மாமனார் அப்போது வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாமனார் என்றே பெயர். தன் சொந்த அப்பாவாக இருந்தும், இவரும் அதை மாமனார் என்றே சொல்வார்.

நகரி மெக்கானிக்கிடம் கேட்டோம். எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, வண்டி ஓடுதா? ஓடிக்கினு இருக்கிற வண்டில ஒயர புடுங்காத. அப்புறம் எங்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டார். அதனால் விட்டுவிட்டோம். விட்டதோடு இல்லை. எங்கள் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் அமாவாசைக்கு அமாவாசை என்ஜினைத் துடைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். நான் யாரையும் விடுவதில்லை. நாத்தனாருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மாமனாருக்கு மட்டும் பெரிய பொட்டாக வைப்பேன். என்ன செய்யும் என்று தெரியாததிடம்தானே நமக்குப் பயம்.

அந்த வருஷம் மாங்காய் சீசனில், சித்தூரில் காயை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். டயர் பார்க்க வேண்டியிருந்தது. போகிற வழியில் பாகாலாவுக்கு அருகில் ஒரு தோப்பு குத்தகைக்கு வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊர்ச்சாலையில் திரும்பினோம். தோப்பு நன்றாக இருந்தது. இரண்டு சுற்று நடந்து பார்த்தோம். திரும்பி வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்களாகத்தான் வந்தார்கள். இதை நான் சொல்லியாக வேண்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் மோர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேர் தள்ளிப் பார்த்தார்கள். போர் மோட்டார் வேலை பார்க்கும் ஒருவன், முப்பது வயது இருக்கும், பைக்கை நிறுத்திவிட்டு டெஸ்டரோடு வந்து பானெட்டுக்குள் தலையை விட்டான். எங்களைவிட அவன்தான் அதிகம் வியர்த்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவன் பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"இதேமிடி?" இது என்ன என்று தெலுங்கில் கேட்டான்.

தெரியாது என்றோம். உண்மையைத்தான் சொன்னோம். அவன் ஹெட்லைட்டைப் போட்டான். பித்தானைத் தேடி அழுத்தினான். பின்பக்கம் போனான். திரும்பி முன்னால் வந்து மறுபடி அழுத்திவிட்டு, மறுபடி பின்பக்கம் போனான். நாங்கள் உள்ளே உட்கார்ந்து அழுத்தியதால் எங்கள் கண்ணில் படாதது அவன் கண்ணில் பட்டது. பித்தானை அழுத்தினால் பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற விளக்கு எல்லாம் மொத்தமாக அணைந்துபோகிறது. முன்விளக்கு மட்டும் எரிகிறது. பின்னால் துரத்தி வருகிறவனுக்கு இருட்டுத்தான்.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஊரில் அந்த மாதம் இரண்டு முறை பட்டியோடு ஆடு திருடு போயிருக்கிறது. வெள்ளை பிக்கப். கடைசி முறை ஊர்ப் பிள்ளைகள் பைக்கில் துரத்தியிருக்கிறார்கள். முன்னால் போன சிவப்பு விளக்கு சட்டென்று மறைந்திருக்கிறது. வேகமாகப் போன ஒரு பையன் பாலத்துக் கட்டையில் மோதி, திருப்பதி ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே சொல். தொங்கலு. திருடர்கள்.

முதல் அறை மோர் வாங்கிக் கொடுத்த மனிதரிடமிருந்து வந்தது.

என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். அவருக்கு அதுதான் தெரியும். கூப்பிய கையின் மேலேயே கம்பு விழுந்தது. சத்தம் கேட்டு வயலிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆள் ஓடி வந்தது. என்ன ஏது என்று கேட்காமலே வந்த வேகத்தில் அடித்தார்கள். காதோடு சேர்த்து ஒருவன் அறைந்தான். அவர் சுருண்டு விழுந்தார். விழுந்த பிறகு காலால் மிதித்தார்கள். அந்தச் சத்தம் மாங்காய் மூட்டையைத் தரையில் போடுகிற சத்தம்.

நான் வீல் ஸ்பேனரை எடுத்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை. முதலில் கிடைத்த முதுகில் போட்டேன். அடுத்தவன் முழங்காலில் போட்டேன். அவன் ஐயோ என்று உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஸ்பேனரைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய கையைக் கடித்தேன். உப்பாக ரத்தம் நாக்கில் பட்டும் விடவில்லை. பெண்கள் சிலர் வந்து என் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, என்னைத் தரையோடு அழுத்தினார்கள். நாங்களும் இதே ஜில்லாதான், இங்கேதான் ஓட்டு, இங்கேதான் ரேஷன் என்று தெலுங்கில் சொல்ல வேண்டும். தினமும் மார்க்கெட்டில் தெலுங்கில் சண்டை போடுகிற எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை தெலுங்கு வரவில்லை. "வுடுங்கடா, அவரு ஒண்ணும் செய்யல, வுடுங்கடா" என்று தமிழிலேயே கத்தினேன். அதைக் கேட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கும்பல் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

சுமை கட்டும் எங்கள் கயிற்றாலேயே அவரைத் திறந்த பானெட்டுக்கு முன்னால், பம்பரோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் யாரோ ஒருவன் பெட்டியின் மேலிருந்த குங்குமத்தைக் கவனித்தான்.

"பொட்டு வெச்சிருக்காங்கடா! திருடற சாமானுக்குப் பூஜை செய்யறாங்கடா!" என்று தெலுங்கில் கூவினான்.

அந்தப் பொட்டை வைத்தது நான். கும்பல் முன்பைவிட வெறியோடு பாய்ந்தது. வண்டியோடு சேர்த்துக் கொளுத்துங்கள் என்றது ஒரு குரல். எவனோ டீசல் குழாயை இழுத்து அறுத்தான். டீசல் அவர் கால் மேல் வழிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்பது போல ஒரு பார்வை. எனக்குச் சாமி மேல் அல்ல, அவர் மேல்தான் கோபம் வந்தது. அதற்குள் விடைபெறுகிறாயா நீ என்று.

அந்த நேரத்தில் கூட்டம் வழி விட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற பையனின் அம்மா வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான். ஒரு கையில் சாணம், இன்னொரு கையில் கொடுவாள். அவள் வெட்டினால் கேட்க அங்கே யாரும் இல்லை. அவளுக்காகத்தான் அத்தனை பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வெட்டு உன்னுடையது என்பது போல ஒதுங்கி நின்றார்கள்.

அவள் இவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பானெட்டுக்குள் எட்டி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "எனக்கு எவனோ ஒருத்தன் வேணாம். அவனே வேணும்."

என்னைப் பிடித்திருந்த பெண்களிடம் சொல்லி, வண்டியிலிருந்து தள்ளி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போகச் சொன்னாள். அங்கே வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அந்தப் பெட்டிக்கு ஒங்க வீட்டுல இன்னா பேரு?"

கேள்வி எனக்குப் புரிந்தது. வேலை தெரிந்தவன் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான். கட் ஆஃப் என்பான், சுவிட்ச் என்பான், ஏதோ ஒன்று. இப்போது நான் ஒன்றைச் சொல்ல, அங்கே கட்டிப்போட்ட மனிதர் வேறொன்றைச் சொன்னால் முடிந்தது கதை. அடிபட்ட மயக்கத்தில் அவருக்கு எது ஞாபகம் இருக்குமோ. உண்மையைத் தவிர என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அந்த உண்மையோ வெளியே சொல்ல வாய் கூசுகிற உண்மை.

"மாமகாரு" என்றேன். மாமனார்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். எழுந்து போனாள். நான் மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவர் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி அவள் அதே கேள்வியைக் கேட்டது என் காதில் விழுந்தது. பதில் விழவில்லை. மறுபடி கேட்டாள். இந்த முறை அவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"மாமனாரு" என்றார். "எங்க நைனா... சும்மா குந்திக்கினே இருக்குதுன்னு, என் பொண்டாட்டி வெச்ச பேரு..."

பொண்டாட்டியும் இதே பேரத்தான் சொன்னா என்று அந்த அம்மா கூட்டத்திடம் சொன்னாள். பிறகு கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவன் சிரிப்பைப் பார்த்து இன்னொருவன். மோர் கொடுத்த மனிதர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். கம்பு வைத்திருந்தவன் கம்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். அடி நின்றுவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. பம்பரில் கட்டப்பட்டபடியே, உடைந்த பல்லோடு, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தப் பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொடுவாளை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். அவளை நான் வெறுக்கவில்லை.

கட்டை அவிழ்த்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்; என் செம்பை நான் தட்டிவிட்டேன். மோட்டார்காரன் டீசல் குழாயை ஒட்டுப்போட்டு, அந்தப் பெட்டியை ஒயரோடு வெட்டி எடுத்து, தன் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டான். அடித்த அதே கைகள் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டன. "ஒஸ்தாமண்டி" என்று என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். போய்வருகிறோம் என்று. விருந்துக்கு வந்தவர் போல. ஒரு கண் வீங்கி மூடிய நிலையில், திருப்பதி ஆஸ்பத்திரி வரைக்கும் அவர்தான் ஓட்டினார்.

இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. விலா எலும்பு விரிசல். எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டபோது, தோப்பில் மரத்திலிருந்து விழுந்தேன் என்றார், அதே சிரிப்போடு. போலீசுக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அடித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்த் தீ வைத்துவிட்டு வர வேண்டும் போல எனக்கு இருந்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. அவரோ பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டு, அப்பாவுக்கு இந்தக் காதில் சொன்னால் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார்.

வீடியோ எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. எவன் போனிலிருந்து எவன் போனுக்கு வந்ததோ. ஒருநாள் காலையில் கடைக்குப் போனால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதை அவரே கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்பவர்கள் சிரிக்கும்படி, ஊர் ஊராக, தோப்பு தோப்பாக. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். நான் கேட்டும் கேட்காதது போல இருந்தேன்.

ஒருநாள் டீக்கடைப் பக்கம் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர். அவர் எழுந்து நின்று, கடைத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கட்டிப்போட்டது போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தொம் தொம்முனு வுழுது அடி. நான் நெனச்சேன், நம்ம கதை முடிஞ்சுபோச்சு, ராத்திரிக்குக் கருவாட்டுக் கொழம்பு வெச்சிருப்பாளேன்னு..."

எல்லோரும் சிரித்தார்கள். தலையைத் தொங்கப்போட்டு, வாயைக் கோணலாக்கி, மிதிபட்டபோது தான் எப்படித் துடித்தார் என்று செய்து காட்டினார். அதற்கும் சிரித்தார்கள். நான் பார்த்த உடம்பு அது. அன்றைக்கு அது துடித்தது எப்படி என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போனேன். ஓங்கி ஒரு அறை விட்டேன், கன்னத்தில், என் பலம் முழுவதும் சேர்த்து. கல்யாணமான நாளிலிருந்து யார் யாரையோ அடித்திருக்கிறேன். அவரை அடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு கண்ணாடி கிளாஸ் விழுந்து உடைந்தது. கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பொம்பளை கை நீட்டிவிட்டாள் என்று அங்கே எவனும் சொல்லத் துணியவில்லை.

அவர் தூணை விட்டு நகரவில்லை. பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவரவும் இல்லை. என்னைப் பார்த்தார். முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அத்தனை பேருக்கும் நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு அழுதார்.

"வலிக்குதுமே" என்றார். "ரொம்ப வலிக்குதுமே."